கமராவில் கை வைக்காமல்: லயத்து வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டியைப் படம்பிடித்தல்

“கையில குடுக்க மாட்டேன் புள்ள. இங்க வச்சே எடுத்துக்க.”

சின்னப் பாட்டி இதைக் கோபத்தில் சொல்லவில்லை. ஒரு கையை ட்ரங்குப் பெட்டியின் மூடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் எனக்குத் தேத்தண்ணியை நீட்டியபடிதான் சொன்னார். ஆனால் மூடியில் இருந்த கை அசையவில்லை.

அவர் என் அப்பம்மாவின் தங்கை. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் ஏறினால் வரும் ஒரு லயத்தில் இருக்கிறார். அப்பம்மாவும் தாத்தாவும் 1977 வன்செயலுக்குப் பிறகு அதே தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர்கள். அவர்களிடமும் இதேபோல ஒரு பெட்டி இருந்தது. அது 2009இல், மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ கைவிடப்பட்டது. தாத்தாவின் பிறப்புப் பதிவு, தோட்டத்துச் சீட்டுகள், இந்தியாவுக்குப் போன அவருடைய தம்பி எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் இருந்ததாக அப்பா சொல்வார். எனக்கு நினைவிருப்பது பெட்டியின் பச்சை நிறம் மட்டும்தான்.

ஆகவே, சின்னப் பாட்டியின் பெட்டியைப் படம்பிடித்து வைக்கவேண்டும் என்று நான் கேட்டதில் பத்திரிகை வேலையைவிடச் சொந்த வேலைதான் கூடுதலாக இருந்தது. பெட்டியை நோர்வூட்டில் ஒரு ஸ்டூடியோவுக்கோ ஹட்டனில் ஒரு கடைக்கோ கொண்டுபோய் ஸ்கேன் பண்ணிவிட்டு மாலைக்குள் திருப்பித் தருகிறேன் என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணமிருக்கிறது. மலையக மக்களின் 200 ஆண்டு நினைவுகூரல்கள் நடந்த 2023இல், கண்காட்சிக்கென்று ஒருவர் வந்து இரண்டு பழைய புகைப்படங்களையும் ஒரு சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போனார். அவை திரும்பி வரவில்லை. அவர் எந்த அமைப்பு என்றுகூடச் சின்னப் பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. “நல்ல புள்ள மாதிரிதான் பேசினிச்சு” என்றார்.

தாள்தான் ஆள்

மலையகத்தில் ஒரு குடும்பம் ஏன் தாள்களை இப்படிப் பொத்திவைத்திருக்கிறது என்று வடக்கு, கிழக்கில் இருப்பவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. சோதனைச்சாவடியில் அடையாள அட்டை இல்லாமல் நின்றவர்களுக்கு அது தெரியும். இருந்தாலும் இங்கே கதை இன்னும் பழையது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோலத் திறந்தது. விண்ணப்பிக்கலாம், ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன்னர் தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். திருமணமானவர்களுக்கு 7 ஆண்டுகள், மற்றவர்களுக்கு 10 ஆண்டுகள். எழுதப் படிக்கத் தெரியாத, பிறப்புப் பதிவு இல்லாத, தோட்டம் மாறி மாறி வேலை செய்த ஒருவர் தொடர்ச்சியை எதைக் காட்டி நிரூபிப்பார்? தோட்டத்துச் சீட்டு, ரேசன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தாள் என்று கையில் கிடைத்த எல்லாம் சாட்சியாகின.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடுகளும் பங்கிட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். எண்ணிப் பங்கிட்டபோது ஒரே குடும்பத்தில் அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் ஆனார்கள். சட்டப்படி இந்தப் பிரச்சினை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதாவது, ட்ரங்குப் பெட்டியில் இருந்தவை ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அந்தக் குடும்பம் இந்நாட்டில் நிற்பதற்குப் பிடித்துக்கொண்டிருந்த தாள்கள். அவற்றை நான் மாலைக்குள் தருகிறேன் என்று கேட்டேன்.

ஆகவே தாள் போகாது, கருவிதான் வரவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமரா, ட்ரைபொட், இரண்டு மின்விளக்குகள், லெப்டொப், ஒரு நீள யூ.எஸ்.பி. வயர் என்று முதுகில் ஒரு கடையையே சுமந்துகொண்டு ஏறினேன்.

ஏன் வெறுமனே க்ளிக் பண்ணக் கூடாது?

கமராவைக் கையில் பிடித்து மேலிருந்து படம் எடுத்தால் என்ன என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எடுக்கலாம். போன் திரையில் நன்றாகவும் தெரியும். பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் எழுத்து இரட்டையாக இருப்பது தெரியவரும்.

லயத்து அறைக்குள் வெளிச்சம் குறைவு. ஒரு சன்னல், ஒரு கதவு, புகை படிந்த சுவர். நான் கொண்டுபோன விளக்குகளும் சின்னவை. தாளின் ஓரம் வரை கூர்மையாக விழவேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்க வேண்டும். இரைச்சல் இல்லாத படம் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ.வை 100இல் வைக்கவேண்டும். இரண்டையும் செய்தால் ஷட்டர் கால் விநாடி திறந்திருக்க வேண்டிவருகிறது. கால் விநாடி எந்த மனிதக் கையும் அசையாமல் இருக்காது.

ட்ரைபொட்டில் பூட்டினாலும் பிரச்சினை முழுதாகத் தீராது. பொத்தானை அழுத்தும் விரலே கமராவைக் கீழே தள்ளுகிறது. தாளைப் பார்த்துத் தலைகீழாக, ட்ரைபொட்டின் குறுக்குக் கம்பியில் தொங்கும் கமரா, முற்றத்துக் கொடியில் தொங்கும் வாளி மாதிரி. தொட்டால் ஆடி அடங்கச் சில விநாடிகள் எடுக்கும். டி.எஸ்.எல்.ஆர். கமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே அடித்து எழும்புவதும் ஓர் அதிர்வு. அரை விநாடியிலிருந்து அறுபதில் ஒரு விநாடி வரையான வேகங்களில்தான் இந்த அதிர்வு படத்தைக் கெடுக்கும். மிக வேகமான ஷட்டரில் அதிர்வு தெரியுமுன் படம் முடிந்துவிடும். பல விநாடிகள் திறந்திருந்தால், ஆடிய நேரம் மொத்தத்தில் சிறு பங்காகிவிடும். நம்முடைய கால் விநாடி சரியாக நடுவில் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு எளிய வழி கமராவிலேயே உண்டு. 2 விநாடி டைமர். அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், அடங்கியபின் படம் விழும். பத்துத் தாள் என்றால் நான் அதையே செய்வேன். 143 தாள்களுக்கு ஒவ்வொரு முறையும் கமராவைத் தொட்டுக்கொண்டிருந்தால், கோணம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஐம்பதாவது தாள் சாய்ந்திருக்கும்.

ரப்பர் குமிழிலிருந்து யூ.எஸ்.பி. வரை

தூர இருந்து ஷட்டரை இயக்கும் ஆசை கமராவளவுக்குப் பழையது. பழைய பஸ்களில் அமுக்கி அடிக்கும் ரப்பர் ஹோர்ன் இருந்ததே, அதேபோல ஒரு ரப்பர் குமிழும் குழாயும்தான் அந்தக் காலத்துக் கருவி. குமிழை அமுக்கினால் காற்று ஓடிப்போய் ஷட்டரைத் திறக்கும். இன்றைய கமராவிலும் ஷட்டரை விரும்பிய நேரம் திறந்துவைக்கும் நிலைக்குப் ‘பல்ப்’ என்று பெயர் இருப்பது அந்தக் குமிழின் மிச்சம்.

அடுத்து வயர் வந்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் ரிமோட் ஷட்டர் வயருக்குள் மூன்று கம்பிகள்தான் இருக்கும். ஒன்று பொது, ஒன்று போகஸுக்கு, ஒன்று ஷட்டருக்கு. பொதுக் கம்பியைப் போகஸ் கம்பியோடு தொட்டால் பொத்தானை அரைவாசி அழுத்தியதாகக் கமரா நினைக்கும். ஷட்டர் கம்பியோடு தொட்டால் முழுதாக அழுத்தியதாக. இது ஒருவழிப் பேச்சு. ‘எடு’ என்று மட்டும் சொல்லலாம். எடுத்ததா, என்ன எடுத்தது என்று கமரா பதில் சொல்லாது.

கமராவைக் கணினியோடு இணைத்து எடுப்பது இருவழிப் பேச்சு. ஆங்கிலத்தில் இதற்கு மாட்டைக் கட்டிவைக்கும் கயிற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முளை கணினி, மாடு கமரா.

இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். பி.டி.பி. என்ற படப் பரிமாற்ற நெறிமுறை அதுதான். ஐ.எஸ்.ஓ. 15740 என்ற சர்வதேசத் தரமாகவும் இருக்கிறது. வயரைச் செருகியதும் கமரா தன்னால் என்னென்ன செய்ய முடியும் என்று ஒரு பட்டியலைச் சொல்கிறது. கணினி, துவாரத்தை இவ்வளவு வை, வேகத்தை இவ்வளவு வை என்கிறது. பிறகு ‘எடு’ என்கிறது. எடுத்து முடித்ததும் ‘புதிதாக ஒரு பொருள் வந்திருக்கிறது’ என்று கமரா அறிவிக்கிறது. கணினி அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இரண்டு மூன்று விநாடிகளில் படம் திரையில் நிற்கிறது. கமராவைப் பென்டிரைவ் மாதிரி இணைத்துக் கோப்புகளை நகலெடுப்பது வேறு விடயம். அந்த இணைப்பில் ஷட்டருக்குக் கட்டளை போகாது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கெனனுக்கு ஈ.ஓ.எஸ். யுட்டிலிட்டி, நிக்கொனுக்கு என்.எக்ஸ். டெதர், சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. வின்டோஸில் டிஜிகெம்கொன்ட்ரோல் என்ற திறந்த மூல மென்பொருள் பல கமராக்களோடு வேலை செய்யும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜிபோட்டோ2 இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் லைட்ரூமிலும் கெப்ச்சர் வன்னிலும் இந்த வசதி உண்டு. எல்லாக் கமராவும் எல்லா மென்பொருளோடும் பேசாது. சில மலிவான கமராக்கள் படத்தைக் கொடுக்கும், ஆனால் கட்டளையை ஏற்காது. வாங்குமுன் உங்கள் மாதிரி ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் ஒரு பழைய கமரா வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

முகம் பார்க்கும் கண்ணாடி

சின்னப் பாட்டியின் வீட்டில் மேசை இல்லை. ஸ்தோப்பில் பலகையைப் போட்டு, மேலே கறுப்புத் துணியை விரித்தேன். ட்ரைபொட் கவிழாமல் இருக்க மறுமுனையில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டோம். விளக்குகள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 45 பாகையில்.

கமரா தாளுக்கு நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தாள் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக வைத்துக் கமராவின் நேரடிக் காட்சியை லெப்டொப்பில் பார்க்கவேண்டும். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் விழுந்தால் கமரா நேராக இருக்கிறது. அளவுகோலும் நீர்மட்டமும் தேவையில்லை. சின்னப் பாட்டி தலைசீவும் கண்ணாடி அதற்குப் போதுமாக இருந்தது.

விசையை அழுத்தும் வேலையைப் பன்னிரண்டு வயதுப் பேரன் ஏற்றுக்கொண்டான். நான் தாளை வைப்பேன், ஓரங்களைத் தடவிவிடுவேன், கையை எடுத்துக்கொண்டு “ம்” என்பேன். அவன் லெப்டொப்பில் விசையைத் தட்டுவான். கமராவை யாரும் தொடவில்லை. தனியாக வேலை செய்பவர்கள் காலால் மிதிக்கும் யூ.எஸ்.பி. மிதி ஒன்றை வாங்கலாம். கணினி அதை விசைப்பலகையின் ஒரு விசையென்றே எடுத்துக்கொள்ளும். நூல்களைப் பக்கம் புரட்டிப் படம் எடுப்பவர்களுக்கு இரண்டு கையும் சும்மா கிடைப்பது பெரிய உதவி.

ஏழாவது தாளில் வேலை நின்றது. “அக்கா, அமுக்குறேன், எடுக்க மாட்டேங்குது.” வயரைப் பார்த்தேன், லெப்டொப்பை மீள இயக்கினேன், பத்து நிமிடம் போனது. காரணம் அற்பமானது. தாளின் வெற்றுப் பின்பக்கத்தை வைத்திருந்தோம். போகஸ் தானியங்கியில் இருந்தது. வெள்ளைத் தாளில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் போகஸ் கிடைக்கவில்லை. போகஸ் கிடைக்காவிட்டால் கமரா படம் எடுக்க மறுக்கும், கணினியிலும் ஒழுங்கான பிழைச்செய்தி வராது. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஒருமுறை போகஸ் வைத்து, பிறகு தானியங்கியை அணைத்துவிட வேண்டும். தாளுக்கும் கமராவுக்கும் இடையிலான தூரம் மாறாதவரை அது போதும்.

இப்படி இன்னும் சில அற்பங்கள் உண்டு. கமரா ஒரு நிமிடம் சும்மா இருந்தால் தூங்கிவிடும், இணைப்பு அறுந்துவிடும். அமைப்பில் அதை நிறுத்துங்கள். கணினி தானாக வேறொரு படம் பார்க்கும் மென்பொருளைத் திறந்து கமராவைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மென்பொருளுக்குக் கமரா தெரியாது. மற்றதை மூடுங்கள். வயர் செருகும் துளை எளிதில் உடைந்துவிடும், ஒரு வருடத்துக்கு முன் கோழி ஒன்று வயரில் கால் தடுக்கியபோது இதைக் கற்றுக்கொண்டேன். வயரை ட்ரைபொட் காலில் ஒரு சுற்றுச் சுற்றித் தலைமுடி ரப்பரால் கட்டிவிட்டால் இழுவை துளைக்குப் போகாது. யூ.எஸ்.பி. 2 வயர் 5 மீற்றருக்கு மேல் நீண்டால் நம்ப முடியாது. பிறகு இந்தப் பக்கத்துப் பனி. குளிரிலிருந்து வந்த கமராவை அடுப்படிப் பக்கம் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு மெல்ல வெளியே எடுங்கள்.

மிகவும் சிரமம் தந்தவை லெமினேட் பண்ணிய சான்றிதழ்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஆசையோடு செய்தது. விளக்கின் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளைத் தீவாக நிற்கும். விளக்குகளை இன்னும் தாழ்த்தி, அகலமாக விலக்கி, கமராவைச் சுற்றிக் கறுப்பு அட்டை மறைப்பு வைத்துத்தான் சமாளித்தேன். தயவுசெய்து இனியாவது பழைய தாள்களை லெமினேட் பண்ணாதீர்கள். அதைப் பின்னர் பாதிப்பில்லாமல் கழற்ற முடியாது.

திரை யாருடைய பக்கம்?

தொழில்நுட்பம் இவ்வளவுதான். இதை எழுதத் தூண்டியது வேறொன்று.

லெப்டொப்பைப் பையன் வசதிக்காகத் திண்ணைப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். சின்னப் பாட்டி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தாளும் இரண்டு மூன்று விநாடியில் திரையை நிறைத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாகப் பெட்டிக்குள் மடித்துக் கிடந்ததை அவர் அந்த அளவில் பார்த்ததில்லை.

இருபதாவது தாளளவில் அவர் பேசத் தொடங்கினார். இது அரிசிக் கூப்பன். இந்தப் படத்தில் கங்காணிக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறதே, அது உன் தாத்தா. இந்தக் கடிதம் கூடலூரிலிருந்து வந்தது, கப்பல் ஏறிப்போன சின்னண்ணன் எழுதியது. கடிதத்தின் நீல மை ஏறக்குறைய அழிந்திருந்தது. ரோ வடிவத்தில் எடுத்த படத்தில் சிவப்பு அலைவரிசையை மட்டும் பிரித்துப் பார்த்தால், பழுத்த தாள் வெளுத்து, நீல மை கறுத்துத் தெரியும். பேரன் அதை உரக்க வாசித்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது கைமாற்றாக வாங்கிய காசைப் பற்றி அதில் இருந்தது. “அத நான் இன்னும் குடுக்கல” என்று சின்னப் பாட்டி சிரித்தார்.

பிறகு ஒரு விண்ணப்பத்தின் நகல் வந்தது. கையொப்ப இடத்தில் கைநாட்டு. பையன் விளையாட்டாக அதைப் பெரிதாக்கினான். ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நடுவில் குறுக்காக ஒரு வெட்டு. சின்னப் பாட்டி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அவருடைய அப்பாவுக்குக் கவ்வாத்துக் கத்தி பட்டுப் பெருவிரலில் வெட்டு இருந்ததாம். அதைப் பிறகு அவர் மறந்துவிட்டாராம்.

நான் இந்தத் தாள்களைக் கடைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணியிருந்தால் எனக்கு 143 கோப்புகள் கிடைத்திருக்கும். பாதி முகத்தின் பெயர் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு தாள் திரைக்கு வந்ததும் சின்னப் பாட்டி “இது வேணாம்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இணைத்து எடுக்கும்போது மென்பொருளின் அமைப்பைப் பொறுத்துப் படம் கணினியில் மட்டுமோ, மெமரி கார்டிலும் சேர்த்தோ பதியும். நான் இரண்டிலும் பதியவிட்டிருந்தேன். இரண்டிலும் அவர் கண்முன்னே அழித்தேன். கணினியின் குப்பைக்கூடையையும் காலியாக்கிக் காட்டினேன்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கமரா எப்போதும் நல்ல சாமான் அல்ல. 2009இல் வவுனியா முகாமில் எங்கள் குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் படத்தை நாங்கள் பார்த்ததில்லை. எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. கமரா அவர்கள் பக்கம், திரையும் அவர்கள் பக்கம்.

சின்னப் பாட்டியின் வீட்டுக்கு வருமுன் பஸ்ஸில் பொகவந்தலாவை என்ற பலகையைப் பார்த்தபோது வேறொரு கமராவும் நினைவுக்கு வந்தது. ஊடகக் கற்கையில் படித்தது. ஜூலியா மார்கரட் கமரன். 19ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். சாதாரணதரத்தில் வரலாறு படித்தவர்கள் மறக்க முடியாத கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் கமரன் அவருடைய கணவர். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் தோட்டத்து வீட்டில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய கமராவில் ஷட்டரே கிடையாது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, மனதுக்குள் எண்ணி, திரும்ப மூடுவதுதான் ஷட்டர். எதிரில் இருப்பவர் அவ்வளவு நேரமும் அசையாமல் இருக்கவேண்டும். இங்கிலாந்தில் அவர் படம்பிடித்தவர்களில் டென்னிசனும் டார்வினும் உண்டு. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு ‘களுத்துறை விவசாயிகள் குழு’. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதர்களின் பெயர் படத்தில் இல்லை.

ஆகவே கோப்புக்குப் பெயரிடுவதை அன்றைக்கே, அங்கேயே செய்தேன். வரிசை எண், என்ன தாள், யாருடையது, யார் சொன்னது. மென்பொருளில் முன்கூட்டியே பெயர் வடிவத்தைக் கொடுத்துவிட்டால், படம் வரும்போதே எண் விழுந்துவிடும். மிச்சத்தைப் பையன் தமிழில் தட்டினான்.

கமரா இல்லாதவர்களுக்கு

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். இதையெல்லாம் வாங்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும் என்றில்லை. போனை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவில் ஒரு பலகையில், லென்ஸ் வெளியே தெரியும்படி கவிழ்த்து வைத்து, தாளைக் கீழே வையுங்கள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். 3 விநாடி டைமர் போதும். பல போன்களில் இயர்போன் வயரிலுள்ள சத்தம் கூட்டும் பொத்தானே ஷட்டராக வேலை செய்யும். அதுவும் ஒரு ரிமோட்தான். ஆவணத்தை ஸ்கேன் செய்யும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. தாளின் நிறத்தையும் மங்கிய எழுத்தையும் அவை ‘சுத்தம்’ செய்துவிடும். சில, உங்களைக் கேட்காமலே படத்தை இணையத்தில் ஏற்றும். சாதாரணக் கமராச் செயலியில், இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள்.

எடுத்தவற்றைக் குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது லயங்கள் அப்படியே புதைந்தன. ஒரே கூரைக்குக் கீழே தாளும் நகலும் இருந்தால் என்ன ஆகும் என்பதை மலையும் காட்டியிருக்கிறது, வன்னியும் காட்டியிருக்கிறது. பொதுவில் சேரவேண்டியவற்றை ஏற்கத் தயாரான இடங்கள் இருக்கின்றன. 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவருகிறது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் 2007 முதல் இருக்கின்றன. ஆனால் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் வைத்திருப்பது என்பது பெட்டிக்காரரின் தீர்மானம். அடையாள அட்டை எண்களும் கைநாட்டுகளும் தெரியும் படங்களை முகநூலில் போடாதீர்கள். நானும் இந்தக் கட்டுரையோடு எந்தப் படத்தையும் தரவில்லை.

நான்கு மணியளவில் கரண்ட் போனது. லெப்டொப் பற்றரியில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, விளக்குகளுக்கு இல்லை. பையன் எண்ணிச் சொன்னான், 132 முடிந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுச் சின்னப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மருந்துக் கடை உறை ஒன்றுக்குள் போட்டு, மடித்து, ட்ரங்குப் பெட்டியின் அடியில் தாள்களுக்குக் கீழே வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நகல் என்னிடம் இருக்கிறது.

இன்னும் 11 தாள்கள். வருகிற ஞாயிறு மழை இல்லாவிட்டால் ஏறவேண்டும். விளக்குக்கு மேலதிக பற்றரி கொண்டுவரச் சொல்லியிருக்கிறான் பையன்.